இன்னும் ஒரு விரல் உயரம்

வண்டி இரண்டு விரல் ஏற்கெனவே ஏறிவிட்டது, இப்போது இன்னும் ஒரு விரல், மொத்தம் மூன்று. டயர்க்கடை ஜாபர் பாய் தன் வாயாலேயே சொன்னார், பழைய டயரையும் புது டயரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, மேலே ஒரு இரும்புப் பட்டையைப் படுக்கவைத்து, பாருங்க சார், டயரு மொத்தத்துல ரெண்டு விரல் பெருசு, வண்டி ஒரு விரல் தூக்கிக் காட்டும் என்று. மாப்பிள்ளை தலையாட்டினார். நான் பிளாஸ்டிக் நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அந்த ஒரு விரலையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். வண்டி வாங்கிய புதிதில் எனக்குக் கணக்காக இருந்தது. பின்கதவைத் திறந்து, வண்டிக்கு முதுகைக் காட்டி நின்று, அப்படியே உட்கார்ந்தால் சீட்டு வந்து தாங்கும், குதிகால் தரையிலேயே இருக்கும், பிறகு ஒவ்வொரு காலாக உள்ளே எடுத்துக்கொள்ளலாம். முழங்கால் மடங்காதவளுக்கென்றே செய்த வண்டி என்று மகள் யமுனாவிடம் சொன்னேன். அப்புறம் ஐப்பசி மழையில் எஸ்டேட் மண்பாதையில் கல் இடித்தது. இது கரண்டு வண்டி, பாட்டரி முழுக்க அடிவயிற்றில் பலகை மாதிரிப் படுத்திருக்கிறதாம், அதில் ஓட்டை விழுந்தால் வண்டியே போச்சாம். அதனால் சக்கரத்துக்கு மேலே கட்டை கொடுத்து வண்டியை இரண்டு விரல் ஏற்றினார்கள். அன்றிலிருந்து எனக்குக் குதிகால் எட்டவில்லை, பெருவிரலை ஊன்றி ஒரு உந்து உந்தித்தான் உட்காருகிறேன். இன்றைக்கு இந்த டயர் நாலும் மாட்டியாயிற்று என்றால் பெருவிரலும் எட்டாது. எட்டாவிட்டால் என்ன செய்வேன். திருப்பூர் வீட்டுச் சாவியைக் காலையில்தான் வீட்டுக்காரம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தேன். என் பெட்டி, குக்கர், தையல் மெஷின், எல்லாம் அந்த வண்டியின் பின்புறத்தில்தான் இருக்கிறது. இனி மகள் வீடுதான் என் வீடு. கோத்தகிரிக்கு மேலே, தார் ரோடு முடிந்து, தேயிலைக்கு நடுவே ஏறிக்கொண்டே போனால் எஸ்டேட் பள்ளிக்கூடம், அதற்குப் பின்னால் டீச்சர் குவார்ட்டர்ஸ். அங்கே கடை கிடையாது, கோயில் கிடையாது, பஸ் கிடையாது. இந்த வண்டியில் ஏறினால்தான் மனித முகம். ஏற முடியாதவள் அங்கே போய் உட்கார்ந்தால், உட்கார்ந்தது உட்கார்ந்ததுதான்.

சொல்லிவிடலாம்தான். யமுனா இருந்திருந்தால் அவள் காதில் சொல்லியிருப்பேன், அவள் அவரிடம் சொல்லியிருப்பாள். கல்யாணமாகி இத்தனை வருஷமாக எனக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் பேச்சு அப்படித்தான் போய் வருகிறது. மாப்பிள்ளைக்கு இன்னொரு தோசை வேணுமான்னு கேளு புள்ளே. போதும்னு சொல்லு யமுனா. மாப்பிள்ளை சட்டைக் காலர் ஒரு பக்கம் தூக்கிட்டு நிக்குது, சரி பண்ணச் சொல்லு. அவர் மூன்று அடி தள்ளி உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருப்பார், ஆனாலும் யமுனா வாயால் வந்த பிறகுதான் காலரைத் தொடுவார். அவள் ஒருநாள், நீங்க ரெண்டு பேரும் ஒரு போன் வாங்கிப் பேசிக்கங்க, என்னை விடுங்க என்று எழுந்து போய்விட்டாள். நாங்கள் இருவரும் அவள் போன கதவையே பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கு அவர்மேல் வருத்தம் எதுவும் இல்லை. நல்ல மனிதர். அவருக்கும் என்மேல் இருக்காது. மாமியார் மாப்பிள்ளையிடம் நேருக்கு நேர் பேசுவது எங்கள் பக்கம் வழக்கமில்லை, அவ்வளவுதான், பிறகு வழக்கமே சுபாவம் ஆகிவிட்டது, இரண்டும் ஒட்டிக்கொண்டு எது எதென்று பிரிக்கத் தெரியவில்லை. இன்றைக்கு யமுனாவின் பள்ளிக்கூடத்தில் பரீட்சை, டீச்சர் அவள் நகர முடியாது. நாங்கள் இரண்டு பேர் மட்டும் திருப்பூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரைக்கும் வந்தோம். கரண்டு வண்டிக்குச் சத்தமே கிடையாது. என் வீட்டுக்காரர் வைத்திருந்த மொபெட் என்றால் அது போடுகிற சத்தத்தில் பேச்சு இல்லாதது தெரியாது. இதில் ஒன்றும் இல்லை. நான் பின்சீட்டில் எச்சில் விழுங்கினது எனக்கே கேட்டது. அவருக்கும் கேட்டிருக்கும், ரேடியோவைப் போட்டார். ரேடியோவில் நகைக்கடை விளம்பரம் முடிந்து இன்னொரு நகைக்கடை விளம்பரம் வந்தது. அணைத்துவிட்டார். அவிநாசி தாண்டும்போது கண்ணாடியில் ஒரு தடவை என்னைப் பார்த்தார், நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஜாபர் பாய் முன்பக்கச் சக்கரத்தைக் கழற்றுகிறார். ஐந்து நட்டு. ஒவ்வொன்றாகக் கழற்றித் தட்டில் போடுகிறார், தட்டில் ஐந்தும் இருக்கிறதா என்று நானும் பார்த்துக்கொள்கிறேன். பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்த கண். ஜாக்கியை எங்கே கொடுப்பது என்பதில்தான் பாய் நிறைய நேரம் எடுத்துக்கொண்டார். கண்ட இடத்துல கொடுத்தா பாட்டரி நசுங்கிரும் சார், இந்த வண்டிக எல்லாம் வயித்துல கை வைக்கக் கூடாத வண்டிக என்று ஓரமாகத் தடவித் தடவிப் பார்த்து ஒரு ரப்பர்க் கட்டையை வைத்து ஏற்றினார். வண்டி அந்தரத்தில் நிற்கிறது. அங்கே நிற்கிறபோது பின்சீட்டு என் நெஞ்சு உயரத்துக்கு இருக்கிறது, அது இறங்கிவிடும் என்று தெரியும், தெரிந்தாலும் கண்ணால் அளந்துகொண்டே இருக்கிறேன். பெரிய சைஸைப் பற்றி அப்போதே ஒரு பேச்சு வந்தது. சார், இதைவிட இன்னொரு சைஸ் பெருசு இருக்கு, உங்க ரோட்டுக்கு அதுதான் சரி, கல்லு மேல ஏறி நிக்கும் என்றார் பாய். மாப்பிள்ளை, வேண்டாம் பாய், இது போதும் என்றார். சார், சக்கரத்துக்கு மேல உள்ள இருக்கிற பிளாஸ்டிக்கைக் கொஞ்சம் சூடு காட்டி மடக்கிவிட்டா உரசாது. வேண்டாம் பாய். அவ்வளவுதான் சொன்னார். கரண்டுக்காக இருக்கும். பெரிய டயர் என்றால் உருட்டக் கரண்டு கூடக் குடிக்குமாம், நூறு ஓடுகிற இடத்தில் தொண்ணூறுதான் ஓடுமாம், மலை ஏறும்போது இன்னும் குறையுமாம். என் தையல் மெஷின் வேறு கனம். விட்டுவிட்டு வந்திருக்கலாம். விட்டுவிட்டு வந்தால் அங்கே மழை நாளில் கையை வைத்துக்கொண்டு என்ன செய்வேன். மெஷினைச் சாக்கில் சுற்றி அவரே தூக்கி வைத்தார், தூக்கும்போது சட்டைக் கையில் எண்ணெய் பட்டது, பார்த்தேன், சொல்ல ஆளில்லை.

புது டயர்களை என் நாற்காலிக்குப் பக்கத்தில்தான் அடுக்கியிருக்கிறார்கள். கருகருவென்று, கட்டை கட்டையாக, நெல்வயலில் சேறு காய்ந்து வெடித்த மாதிரி. மேலெல்லாம் முடி. ஆமாம், ரப்பர் முடிதான், ஒவ்வொரு கட்டையிலும் இரண்டு மூன்று, விரல் நீளத்துக்கு நட்டுக்கொண்டு நிற்கிறது. பார்த்ததிலிருந்து கை சும்மா இருக்கவில்லை. பிசிர் வெட்டாத பீஸை என் மேஜையைத் தாண்டிப் போகவிட்டதில்லை நான், கழுத்துப் பட்டியில் ஒரு நூல், கைமடிப்பில் ஒரு நூல், வெளிநாட்டுக்காரன் கண்ணில் பட்டால் மொத்தப் பெட்டியும் திரும்பி வந்துவிடும். ஒன்றைப் பிடித்து இழுத்தேன். டக்கென்று வந்துவிட்டது. இன்னொன்று. அதுவும். மூன்றாவதை இழுக்கும்போது பாய் பார்த்துவிட்டார். அம்மா, அது இருக்கட்டும்மா, ஓட ஓடத் தானாப் போயிரும் என்றார் சிரித்துக்கொண்டு. கையை மடியில் போட்டுக்கொண்டேன். மாப்பிள்ளையும் திரும்பிப் பார்த்தார், அவருக்கும் சிரிப்பு வந்த மாதிரி இருந்தது, கீழே குனிந்து நட்டுத் தட்டைப் பார்க்கிற மாதிரி நின்றார். ஓட ஓடத் தானாகப் போய்விடும். எல்லாம் போய்விடுமா. முழங்காலில் எலும்பு வளர்ந்திருக்கிறது என்று டாக்டர் படத்தில் காட்டினார், அங்கேயும் இப்படித்தான் முள் முள்ளாக நட்டுக்கொண்டு நின்றது. அது ஓட ஓடப் போகவில்லை. ஓடினதால்தான் வந்தது என்றார்.

அம்மா நினைவு ஏன் வருகிறது. வரக்கூடாது என்றுதான் பார்க்கிறேன், டயரைப் பார்க்கிறேன், நட்டை எண்ணுகிறேன், அது சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நிற்கிறது. என் வீட்டுக்காரர் வந்தால் அம்மா கதவுக்குப் பின்னால் போய்விடுவாள். கதவுதான் பேசும். மாப்பிள்ளை வந்தது சந்தோசம்னு சொல்லு. கறி எடுக்கச் சொல்லீருக்குதுன்னு சொல்லு. இவர் கதவைப் பார்த்து, சரிங்க அத்தை என்பார். நான் சிரிப்பேன், எனக்கு அப்போது சின்ன வயசு, நானெல்லாம் இப்படி இருக்கமாட்டேன் என்று நினைத்தேன். பிறகு அம்மாவுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. கார் சந்துக்குள் வரவில்லை, மெயின்ரோட்டில் நின்றது. இவர் குனிந்து இரண்டு கையிலும் அம்மாவைத் தூக்கிக்கொண்டார். சந்து முழுக்க ஜனம். அம்மா நல்லாயிருந்த கையால் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள், கார் வரைக்கும் எடுக்கவே இல்லை. துணிக்குள்ளிருந்து குழறிக் குழறி ஒன்றுதான் சொன்னாள். மாப்பிள்ளைக்குக் கை வலிக்கும்னு சொல்லு புள்ளே. நான் பக்கத்தில் ஓடிக்கொண்டே, உங்களுக்குக் கை வலிக்குமாம் என்றேன், இவர், இல்லைன்னு சொல்லு என்றார். மூன்று பேரும் ஒட்டிக்கொண்டுதான் போகிறோம், நான் நடுவில் தபால்காரி. அம்மா திரும்பி வரவில்லை. அவளுக்கு அந்த முகத்துணி அவமானமா, மரியாதையா, அல்லது அழுகிறதை மறைத்தாளா, யாரிடம் கேட்பது. நாளைக்கு என்னையும் மாப்பிள்ளை தூக்க வேண்டி வருமோ. மழையில், எஸ்டேட் பாதையில், வேலைக்காரர்கள் பார்க்க, கிழவியை மூட்டை மாதிரித் தூக்கி இந்த உயரத்தில் ஏற்ற வேண்டி வருமோ. ஐயோ வேண்டாம். அதற்குத் திருப்பூரிலேயே மாடிப்படிக்கு அடியில் ஒரு அறை பார்த்துக்கொண்டிருக்கலாம். சாவியைக் கொடுத்தாயிற்று. வீட்டுக்காரம்மா, மக கூடப் போறீங்க, குடுத்து வச்சவங்க என்றாள்.

டீ வந்தது. கண்ணாடி டம்ளரில் எனக்கு ஒன்று, பாய்க்கு ஒன்று, மாப்பிள்ளைக்கு ஒன்று. மாப்பிள்ளை டீயைச் சுவரோரம் வைத்துவிட்டு, சக்கரத்தைத் திருப்பித் திருப்பி எங்கே உரசுகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். டீயில் ஆடை கட்டுகிறது. ஆறின டீ குடித்தால் அவருக்கு நெஞ்சைக் கரிக்கும், யமுனா சொல்லியிருக்கிறாள். ஆடை கெட்டியாகிறது. எனக்குப் பொறுக்கவில்லை.

"பாய், டீ ஆறுதுன்னு மாப்பிள்ளைகிட்டச் சொல்லுங்க."

பாய் ஸ்பானரோடு நிமிர்ந்து என்னைப் பார்த்தார், என் பக்கத்தில் இரண்டடி தள்ளி நிற்கிற அவரைப் பார்த்தார்.

"அம்மா, அவரு இங்கதானே நிக்கிறாரு."

"சொல்லுங்க."

"சார், டீ ஆறுதாம்."

"இதோ குடிக்கறேன்னு சொல்லுங்க பாய்."

"குடிக்கிறாராம்மா." பாய் ஸ்பானரைக் காதில் வைத்து, "ஹலோ" என்றார். மாப்பிள்ளை டீயை வாயில் வைத்தபடியே சிரித்துப் புரையேறினார். எனக்கும் சிரிப்பு வந்தது, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன், வைத்த கையை உடனே எடுத்துவிட்டேன்.

நாலும் மாட்டியாயிற்று. இருபது நட்டு, இருபதும் ஏறிவிட்டது. கண்ணுக்கு நன்றாகத்தான் இருக்கிறது, முன்பு செருப்புப் போட்டுக்கொண்டு நின்ற மாதிரி இருந்தது, இப்போது பூட்ஸ் போட்டுக்கொண்டு நிற்கிறது. பாய் நாலு எலுமிச்சம்பழம் கொண்டுவந்தார். நம்ம கடை வழக்கம் சார், யாரு வந்தாலும் உண்டு என்று ஒவ்வொரு சக்கரத்துக்கும் முன்னால் வைத்தார். மாப்பிள்ளை ஏறி வண்டியை எடுத்தார். எடுத்தார் என்பதே தெரியவில்லை, சத்தம் இல்லையே, பழம் நசுங்குகிற சத்தம்தான் கேட்டது, நாலும் கேட்டது. வாசம் வந்தது. எனக்கு அந்த வாசம் போதும்போல இருந்தது, இப்படியே இந்த நாற்காலியில் இந்த வாசத்தோடு இருந்துவிடலாம்போல. அவர் இறங்கி வந்து, எப்போதும்போலப் பின்பக்கத்து இடதுகதவைத் திறந்துவிட்டு, எப்போதும்போல எனக்கு முதுகைக் காட்டி ரோட்டைப் பார்த்து நின்றார். நான் ஏறுகிறவரை பார்க்கமாட்டார், அது அவருடைய மரியாதை. எழுந்தேன். கைப்பையைத் தோளில் மாட்டினேன். வண்டிக்கு முதுகைக் காட்டி நின்றேன். பின்கதவு குறுகல், கீழே சக்கரத்தின் வளைவு உள்ளே துருத்திக்கொண்டு பாதியை அடைக்கிறது, இருக்கிற இடத்தில்தான் இடுப்பை வைக்க வேண்டும். சீட்டின் விளிம்பு எப்போதும் தொடுகிற இடத்தில் தொடவில்லை, அதற்கு மேலே, இடுப்பெலும்பில் இடித்தது. பெருவிரலை ஊன்றினேன், உந்தினேன், ஏறவில்லை. இன்னொரு தடவை. பாதி ஏறினேன், வழுக்கினேன், கதவைப் பிடித்துக்கொண்டேன். அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே நிற்கிறார். ஒரு லாரி போகிறது. லாரியைப் பார்க்கிறார். மூன்றாவது தடவை உந்த முழங்கால் கேட்கவில்லை. இதற்குத்தான் பயந்தேன், இதோ வந்துவிட்டது, வந்துவிட்ட பிறகு பயம்கூட இல்லை, வெறும் கதவும் கையும்தான்.

"சார்," என்றார் பாய் மெதுவாக. "அம்மாவுக்கு எட்டலை."

அவர் திரும்பினார். கதவைப் பிடித்தபடி நிற்கிற என்னைப் பார்த்தார்.

"அம்மா ஏறணும்னுதானே போன்லயே பெரிய சைஸ் வேணாம்னீங்க," என்றார் பாய். "நான் எத்தனை சொல்லியும் கேக்கலை. இப்ப சின்னதுமே எட்டலையே சார்."

நான் பாயைப் பார்த்தேன். கரண்டுக்காக இல்லையா. அப்படியென்றால் மாப்பிள்ளைக்குத் தெரியும். பெருவிரலை ஊன்றுகிறது, உந்துகிறது, முதுகைக் காட்டி நின்றவருக்கு எப்படித் தெரியும், காது வழியாகத் தெரிந்திருக்கும், இந்தச் சத்தமில்லாத வண்டியில் நான் ஏறும்போது விடுகிற மூச்சு அவருக்குக் கேட்டிருக்கும். ஒவ்வொரு தடவையும் கேட்டிருக்கும். என்னிடம் கேட்க முடியாமல், யமுனாவிடமும் சொல்லாமல், டயர்க்காரரிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். அவர் என்னைப் பார்க்காமல் சக்கரத்தைப் பார்த்துச் சொன்னார்.

"பாய், பழைய டயரையே மாட்டிருங்க. அத்தைகிட்டச் சொல்லிருங்க, பாதையில மெதுவா ஓட்டிக்கலாம்னு."

"மழை வருதே சார். கல்லு இருக்குன்னீங்களே."

"பரவால்ல பாய்."

பரவாயில்லை என்று அவர் சொல்கிறபோது எனக்கு அடிவயிற்றில் அந்தக் கல் இடித்தது. யமுனாவும் எங்கே போவதென்றாலும் இந்த வண்டியில் அந்தப் பாதையில்தான் இறங்குகிறாள். பாய் இருபது நட்டையும் திரும்பக் கழற்றுவார். எனக்காக. நான் வாயைத் திறக்காததற்காக. அம்மா அந்த முகத்துணிக்குள்ளிருந்து என்னைக் கேட்கச் சொன்னாளே, நேராகவே கேட்டிருக்கக் கூடாதா, என் வீட்டுக்காரர் முகம் அவள் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில்தானே இருந்தது. பக்கத்தில் முன்கதவு. அது அகலம், வளைவு எதுவும் உள்ளே வரவில்லை, சீட்டைப் பின்னால் தள்ளலாம், மேலே பிடித்துக்கொள்ளக் கைப்பிடி இருக்கிறது. அங்கே யமுனா உட்காருவாள். மாமியார் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் உட்காருவது இல்லை. இல்லை என்று யார் சொன்னது. யாரோ. பின்கதவைச் சாத்தினேன்.

"வேண்டாங்க மாப்பிள்ளை," என்றேன். என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. "கழட்ட வேண்டாங்க. முன்கதவைத் தொறங்க. கையைக் குடுங்க."

மாப்பிள்ளை முன்கதவைத் திறந்தார், சீட்டைப் பின்னால் தள்ளினார், கையைப் பேண்டில் துடைத்துவிட்டு நீட்டினார். பிடித்தேன். சூடாக இருந்தது. ஒரு கையில் மேல்பிடி, ஒரு கையில் அவர் கை, பெருவிரலை ஊன்றி உந்தினேன். அவர் இழுக்கவில்லை, நான் சாய்கிற அளவுக்கு மட்டும் தாங்கினார். உட்கார்ந்துவிட்டேன். காலை எடுத்து உள்ளே வைத்தேன், இன்னொன்றையும்.

"கை வலிச்சுதுங்களா," என்றேன்.

"இல்லைங்க அத்தை."

கோத்தகிரி ரோட்டில் திரும்பியதும் அது ஆரம்பித்தது. முதலில் எனக்குக் காது அடைத்துக்கொண்டதோ என்று நினைத்தேன். அடியிலிருந்து ஒரு சத்தம், ரீங்காரம் மாதிரி, நிற்காமல், ம்ம்ம் என்று. டயருதான் அத்தை, கட்டை பெருசு, இனிமே இப்படித்தான் கேக்கும், தொந்தரவா இருக்குதுங்களா என்று கேட்டார். என்னைக் கேட்டார், நேராக. இல்லைங்க, நல்லாத்தான் இருக்குது என்றேன். உண்மையாகவே நன்றாக இருந்தது. யாரோ ஒருவர் கூடவே உட்கார்ந்துகொண்டு, கதை சொல்லு, சொல்லு என்று உம் கொட்டுகிற மாதிரி. பாக்கு மரங்கள் போயின. முதல் வளைவில் மூக்கில் எலுமிச்சை வாசம் வந்தது, இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறதுபோல. சட்டைக் கையில் அந்த எண்ணெய்க் கறை. வீட்டுக்குப் போனதும் கழட்டிக் குடுங்க மாப்பிள்ளை, சீயக்காய் போட்டா போயிரும் என்றேன். அவர் கையைத் தூக்கிப் பார்த்து, அடடே, காலைலயிருந்தா இருக்குது என்றார். காலையிலிருந்துதான். டயர் உம் கொட்டியது. இரண்டாவது வளைவும் வந்தது. மேலே ஏற ஏற எனக்குக் காதில் காற்று அடைத்துத் திறந்தது.

"உங்க மாமா ஒருதடவை எங்கம்மாவைத் தூக்கிட்டுப் போனாருங்க," என்றேன். "யமுனாவுக்குக்கூட நான் சொன்னதில்லை."

டயர் ம்ம்ம் என்றது. அதற்குள்ளேயே, அதே சுருதியில், அவரும் உம் என்றார்.